கேபிளையும் சேர்த்துக் கொடுங்கள்

பழைய மின்காரைத் தானம் கொடுக்க எண்ணியிருக்கும் பே ஏரியாத் தமிழ்க் குடும்பங்களுக்கு,



ஃப்ரீமாண்டிலும் சன்னிவேலிலும் டப்ளினிலும் மில்பிடாஸிலும் உங்களில் பலருடைய வீட்டு வாசலில் ஒரு பழைய மின்கார் நிற்கிறது. பெரும்பாலும் நிசான் லீஃப். இல்லையென்றால் ஃபியட் 500ஈ, அல்லது ஆரம்ப வருடங்களில் வந்த செவி போல்ட். கார்பூல் தடத்தில் ஒற்றை ஆளாகப் போகலாம் என்பதற்காகவே அதை வாங்கியவர்கள் நிறைய. அதற்கு அனுமதி தந்த ஸ்டிக்கரின் காலம் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குள் வீட்டுக்குப் புது டெஸ்லாவோ அயோனிக்கோ வந்தாயிற்று. பையனை ஓட்டச் சொன்னால் “இதையா?” என்கிறான். விற்கலாமென்று போனால் டீலர் சொல்லும் விலைக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில், “ஏதாவது சாரிட்டிக்குக் கொடுத்துவிடலாம், வரியிலாவது கழியும்” என்று முடிவுக்கு வருகிறீர்கள்.

நல்ல முடிவுதான். ஆனால் டோ டிரக்குக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

வேலைக்குப் போக வண்டியில்லாத குடும்பங்களுக்குப் பழைய கார்களைச் சரிசெய்து கொடுக்கும் ஒரு சிறிய அமைப்பில் நான் வார இறுதிகளில் கை கொடுத்து வருகிறேன். அங்கே வந்து இறங்கும் மின்கார்களில் எவை நம்மவர் வீட்டு வண்டிகள் என்பதை யாரும் எனக்குப் பெயர் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. டேஷ்போர்டில் பிள்ளையார் இருந்த இடத்தில் பசையின் வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கும். பின் சீட்டின் இடுக்கில் ஓமப்பொடி கிடக்கும். கண்ணாடிக்கு மேலே கராஜ் ரிமோட் செருகியபடி இருக்கும். பிள்ளையாரைப் பத்திரமாக எடுத்துக்கொண்டவர்கள், வீட்டையே திறந்துவிடும் ரிமோட்டை மறந்திருப்பார்கள். பின்கதவைத் தூக்கிப் பார்த்தால் சார்ஜிங் கேபிள் இருக்காது. அது எங்கே என்று எனக்குத் தெரியும். உங்கள் கராஜ் சுவரில், ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. என்றைக்காவது உதவும் என்று எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு அது உதவப்போவதில்லை. சுவரில் 240 வோல்ட் சார்ஜர் பதித்திருக்கிறீர்கள். வண்டியை வாங்கிக்கொள்ளப் போகிறவருக்கோ அந்தக் கேபிள் இல்லாவிட்டால் கார் வெறும் தகரம். புதிதாக வாங்க நூற்றைம்பது, இருநூறு டாலர் ஆகும். முதியோரைப் பராமரிக்கும் வேலையில் மணிக்கூலி வாங்குகிற ஒரு பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேல். வண்டியை இனாமாகக் கொடுத்துவிட்டு, அதை ஓட்டுவதற்கு முன் இருநூறு டாலர் செலவழி என்று அவரிடம் சொல்வது என்ன தானம்?

கேபிள் ஒரு அடையாளம்தான். என் மனக்குறை அதைவிடப் பெரியது. நம்மில் பலர் காரைக் கொடுப்பதில்லை, கைகழுவுகிறோம். வாசலில் இடம் காலியாக வேண்டும், டிசம்பர் 31-க்குள் ரசீது வர வேண்டும், அவ்வளவுதான். வண்டி எங்கே போகிறது, யார் ஓட்டப்போகிறார், ஓடுமா ஓடாதா என்று கேட்பதே இல்லை. பெட்ரோல் காரை இப்படிக் கொடுத்தால்கூட எப்படியோ சமாளித்துவிடலாம். எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார். மின்கார் விஷயம் அப்படியில்லை. அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட ஏலக்காரருக்குத் தெரியாது.

முதலில் வரியைப் பேசிவிடுவோம். உங்களில் பெரும்பாலோர் மனதில் இருப்பது கெல்லி புளூ புக் விலை. புளூ புக்கில் 3,000 டாலர் என்று இருந்தால் 3,000 டாலரைக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். அந்தக் காலம் போய் இருபது வருடம் ஆகிறது. 2004-இல் காங்கிரஸ் நிறைவேற்றிய அமெரிக்கன் ஜாப்ஸ் கிரியேஷன் சட்டம் அதை முடித்து வைத்தது. 500 டாலருக்கு மேல் கழிக்கிறீர்கள் என்றால், சாரிட்டி அந்த வண்டியை என்ன விலைக்கு விற்றதோ அதுதான் பொதுவாக உங்கள் கணக்கு. 1098-சி படிவத்தில் அந்தத் தொகை வரும். ஏலத்தில் உங்கள் லீஃப் 900 டாலருக்குப் போனால் 900 டாலர்தான். 24 சதவீத வரிப்படியில் இருப்பவருக்கு அதில் மிச்சமாவது 216 டாலர். அதுவும் ஐட்டமைஸ் செய்பவருக்கு மட்டும். தம்பதியருக்கு 2025-க்கான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500 டாலர். அதை எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்தக் காரால் வரியில் ஒரு காசும் குறையாது.

2026 முதல் இன்னொரு வரம்பும் சேர்ந்திருக்கிறது. வருடம் முழுக்க நீங்கள் கொடுத்த நன்கொடை எல்லாம் சேர்த்து, உங்கள் வருமானத்தில் அரை சதவீதத்தைத் தாண்டிய பகுதிக்குத்தான் கழிவு. மூன்று லட்சம் டாலர் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு முதல் 1,500 டாலர் கணக்கிலேயே வராது. அந்த வருடம் நீங்கள் கொடுத்தது இந்த 900 டாலர் கார் மட்டும்தான் என்றால் கழிவு பூஜ்யம். மென்பொருள் எழுதுகிறவர்கள் நீங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தத் தொகைக்காகவா வண்டியை முகம் தெரியாத ஏலத்துக்கு அனுப்புகிறீர்கள்?

விற்ற விலைதான் கணக்கு என்ற அந்த விதிக்கு விதிவிலக்குகளும் உண்டு. சாரிட்டி அந்தக் காரை விற்காமல் தன் பணிக்கே கணிசமாகப் பயன்படுத்தினாலோ, குறிப்பிடும்படி சீரமைத்து அதன் மதிப்பைக் கூட்டினாலோ, ஏழை ஒருவருக்கு இனாமாகவோ சந்தை விலைக்கு மிகக் குறைத்தோ கொடுத்தாலோ, முழுச் சந்தை மதிப்பையும் நீங்கள் கழிக்கலாம். 1098-சி படிவத்தில் அதற்கென்றே கட்டங்கள் உண்டு. மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால் முறையான மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும். ஐஆர்எஸ் நன்கொடையாளர்களுக்காகவே 4303 என்ற எண்ணில் ஒரு சிறு கையேடு வெளியிட்டிருக்கிறது; ஒரு காபி குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். வாங்குகிறவருக்கு எது நல்லதோ அதற்கே சட்டம் உங்களுக்கும் கூடுதல் சலுகை தருகிறது. “என் காரை என்ன செய்வீர்கள்?” என்று கேட்பது நாகரிகக் குறைவு என்று தயங்குகிறவர்கள், இதற்காகவாவது கேளுங்கள்.

கேட்டால் என்ன பதில் வரும்? பல இடங்களில் கார் நன்கொடையை அந்த சாரிட்டி நேரடியாகக் கையாள்வதில்லை. இதற்கென இருக்கும் இடைநிலை நிறுவனம் டிரக்கை அனுப்பும், ஏலத்தில் விற்கும், இழுவைச் செலவையும் தன் பங்கையும் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பும். இதில் தவறொன்றுமில்லை, வண்டி உண்மையிலேயே முடிந்துபோனதென்றால் இதுவே சரியான வழி. ஆனால் ஓடுகிற மின்காருக்கு இது அநியாயம். ஏலத் திடலில் அதை யாரும் சார்ஜ் போட்டு ஓட்டிப் பார்ப்பதில்லை. சார்ஜ் வற்றி வாரக்கணக்கில் நின்றாலே அதன் பேட்டரிக்குக் கேடு. “ஸ்டார்ட் ஆகவில்லை” என்று சாக்பீஸால் கண்ணாடியில் எழுதி உடைசல் விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

எங்களிடம் “செத்துவிட்டது” என்று வந்த லீஃப்களில் சிலவற்றுக்கு ஒரு வியாதியும் கிடையாது. தரைக்கடியில் இருக்கும் பெரிய பேட்டரி நன்றாகவே இருக்கும். முன்பக்க மூடிக்குள் எல்லாக் கார்களிலும் இருப்பதுபோல ஒரு சாதாரண பன்னிரண்டு வோல்ட் பேட்டரி உண்டு. அது தீர்ந்துபோனால் பெரிய பேட்டரியின் இணைப்பே கிடைக்காது. பட்டனை அழுத்தினாலும் ‘ரெடி’ விளக்கு எரியாது. மாதக்கணக்கில் வாசலில் நின்ற வண்டிக்கு முதலில் வருவது இந்தக் கோளாறுதான். அந்தச் சின்ன பேட்டரியை மாற்றியதும் எழுந்து ஓடுகிறது. உங்கள் வாசலிலேயே இதைச் செய்திருக்கலாம் இல்லையா?

“சரி, நல்ல வண்டி என்றே வைத்துக்கொள்வோம். எழுபது மைல் போன லீஃப் இப்போது ஐம்பதுதான் போகிறது. தேய்ந்த பேட்டரியை ஏழையின் தலையில் கட்டுவது சரியா?” என்று உங்களில் மனசாட்சி உள்ளவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2011-ஆம் வருட லீஃபுக்கு அரசு தந்த அளவே 73 மைல்தான். அதன் பேட்டரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது. அதனால்தான் அரிசோனா வெயிலில் ஓடிய வண்டிகள் சீக்கிரம் தேய்ந்தன. விரிகுடாக் காற்றில் ஓடிய வண்டிகள் அந்த அளவுக்குக் கெடவில்லை. கொழும்புக்குப் போய்வரும் இலங்கை நண்பர்களுக்குத் தெரியும். ஜப்பானில் ஓடித் தேய்ந்து அங்கே இறக்குமதியான லீஃப்கள் அந்த ஊர்ச் சாலைகளில் ஓடுகின்றன.

ஐம்பது மைல் உங்களுக்குப் போதாது. டிரேசியிலிருந்து மவுண்டன் வியூவுக்கு வர முடியாது. ஆனால் கிழக்கு சான் ஹோசேயில் குடியிருந்து ஆறேழு மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவருக்கு அது தாராளம். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் மணிக்கு நாலு மைல்போல ஏறும். இரவு பத்து மணி நேரம் செருகி வைத்தால் மறுநாள் நாற்பது மைல் ஓடலாம். பெட்ரோல் இல்லை, ஆயில் மாற்ற வேண்டியதில்லை, ஸ்மாக் பரிசோதனை இல்லை. 2020-க்கு முந்தைய மாடல் என்பதால் மின்கார்களுக்கென்று கலிஃபோர்னியா வசூலிக்கும் ஆண்டுச் சாலைக் கட்டணமும் இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு பிஜி&ஈ-யின் ‘கேர்’ திட்டத்தில் மின்கட்டணம் 20 சதவீதமோ அதற்கு மேலோ குறையும். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவருக்கு இப்படியொரு வண்டி கிடைப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பிளக் இல்லாத அடுக்ககத்தில் குடியிருப்பவருக்கு அதே வண்டி தொல்லை. ஆகவே எல்லோருக்கும் கொடுக்க முடியாது. பொருத்தம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பொருத்தம் பார்க்க எங்களுக்குத் தகவல் வேண்டும். அந்தத் தகவல் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அது வாங்குகிறவனுக்குச் சொன்னது. கொடுக்கிறவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுத்தர, குறைந்த வருமானக் குடும்பங்கள் டீலரிடம் பழைய மின்கார் வாங்கினால் 4,000 டாலர் வரை வரியில் திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்குவோருக்கு அது இல்லை. உங்கள் கார்பூல் ஸ்டிக்கர் போன அதே நாள். உங்களுக்குப் போனது ஒரு தடம். அவர்களுக்குப் போனது ஒரு கார். அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது அடைக்கக்கூடிய வண்டிகள் உங்கள் வாசல்களில் தூசி படிந்து நிற்கின்றன.

ஆகையால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான்.

ஓடும்போதே கொடுங்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்று நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு மாதமும் வண்டியின் ஆயுளைத் தின்கிறது. பாதிச் சார்ஜ் இருக்கட்டும். சின்ன பேட்டரி பலவீனமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். இழுத்துப் போக வேண்டியிருந்தால் ஃப்ளாட்பெட் டிரக் வேண்டும் என்று சொல்லுங்கள். லீஃபின் முன்சக்கரங்கள் தரையில் உருள இழுக்கக் கூடாது.

பேட்டரியின் நிலையை எழுதிக் கொடுங்கள். லீஃபின் மீட்டரில் வலது ஓரத்தில் பன்னிரண்டு சிறு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் மறையும்போதே ஏறக்குறைய 15 சதவீதத் திறன் போயிருக்கும். ஒன்பது கட்டம் மிச்சமென்றால் எழுபது சதவீதம் அளவுக்கு இருக்கிறது என்று கொள்ளலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஓபிடி டாங்கிள் ஒன்றைச் செருகி லீஃப்ஸ்பை செயலியில் பார்க்கலாம். போல்ட் வைத்திருப்பவர்கள் ரீகால் காகிதங்களைத் தேடி எடுங்கள். தீப்பிடிக்கும் அபாயத்தால் 2021 ஆகஸ்டில் எல்லா போல்ட்களையும் ஜிஎம் திரும்ப அழைத்தது. பழைய மாடல்களில் பலவற்றுக்குப் புது பேட்டரியே வைத்துக் கொடுத்தார்கள், புதிதாக எட்டு வருட உத்தரவாதத்தோடு. பேட்டரி மாறிய போல்ட் ஒரு முறை சார்ஜ் போட்டால் இருநூறு மைலுக்கு மேல் போகும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஏலக்காரருக்கு அது எட்டு வயதுப் பழைய வண்டி. காகிதம் இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் பத்து வருடப் புழக்கம்.

எங்கே கொடுக்கிறோம் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். காரைக் காராகவே குடும்பங்களுக்குக் கொடுக்கும் அமைப்புகள் இந்த நாட்டில் உண்டு. வெர்மாண்டில் குட் நியூஸ் கராஜ் 1996 முதலும் மேரிலாந்தில் வெகிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் 1999 முதலும் அதைச் செய்து வருகின்றன. நம் பக்கத்திலும் சிறிய அளவில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள். வண்டி ஓட லாயக்கில்லை என்றால் கல்லூரிகளைக் கேளுங்கள். குப்பர்டினோவின் டி அன்சா, சான் புரூனோவின் ஸ்கைலைன், சான் ஹோசேயின் எவர்கிரீன் வேலி கல்லூரிகளில் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். உயர் வோல்ட் வயரைப் பயமில்லாமல் கையாளும் மெக்கானிக்குகள் உருவாக, பிரித்துப் பார்க்க வண்டி வேண்டும். தீயணைப்புத் துறையினரும் பயிற்சிக்குக் கார்களை வாங்கிக்கொள்வதுண்டு. எங்கே கொடுத்தாலும் அந்த அமைப்புக்கு வரிவிலக்குத் தகுதி இருக்கிறதா என்று ஐஆர்எஸ் தளத்தில் ஒரு முறை பெயரைத் தேடிப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கே வந்து சமைத்துக் கொடுக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு வண்டி தேவையா என்று கேட்டிருக்கிறீர்களா? அவருக்கு நேரே கொடுத்தால் வரியில் எதுவும் கழியாது, உண்மைதான். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் கழியப்போகிற தொகையும் பெரிதல்ல. டிஎம்வியில் அன்பளிப்பு என்று விவரப் படிவம் கொடுத்தால் அவருக்கு விற்பனை வரி விழாது. ஆனால் “எடுத்துக்கொண்டு போ” என்று சாவியை நீட்டாதீர்கள். வேண்டுமா, வீட்டில் பிளக் இருக்கிறதா, காப்பீடு கட்டுப்படியாகுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

காகித வேலையைப் பாதியில் விடாதீர்கள். பிங்க் ஸ்லிப் எனும் உரிமைப் பத்திரத்தில் வாங்குகிறவர் பெயரை வெற்றிடமாக விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். கைமாறிய ஐந்து நாளுக்குள் டிஎம்வி தளத்தில் பொறுப்பு விடுவிப்பைப் பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் வேறு யாரோ வாங்கிய பார்க்கிங் அபராதம் உங்கள் பெயருக்கு வரும். ஃபாஸ்ட்ராக் கருவியைக் கழற்றுங்கள். வண்டியின் நினைவில் இருக்கும் ஃபோன் எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள்.

கடைசியாக, தமிழ்ப் பள்ளிகளையும் மன்றங்களையும் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பு முடியும்வரை பெற்றோர் வாகன நிறுத்தத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பேட்டரியைப் படிக்கத் தெரிந்த பொறியாளர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். டிசம்பர் அவசரம் தொடங்குவதற்கு முன், நவம்பரில் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். இரண்டு மூன்று டாங்கிள்கள், ஒரு மேசை, நாலு தன்னார்வலர்கள் போதும். கொடுக்க நினைப்பவர்கள் வண்டியைக் கொண்டுவரட்டும். பேட்டரியைப் பார்த்து, தாளில் எழுதி, முன் சீட்டில் வையுங்கள். வண்டியைக் குடும்பத்துக்குக் கொடுக்கும் அமைப்பு ஒன்றை அன்றைக்கே அங்கே அழையுங்கள். பொங்கல் விழாவுக்கு அரங்கம் பிடித்து ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடத் தெரிந்த நமக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். கராஜுக்குப் போய் அந்தக் கேபிளை எடுத்து, காரின் பின்பக்கத்தில் வையுங்கள். சார்ஜ் போட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, எத்தனை கட்டம் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஃபோனை எடுத்து, “இதை யார் ஓட்டுவார்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்களிடம் சாவியைக் கொடுங்கள்.

அன்புடன்,
சான் ஹோசேயிலிருந்து ஒரு தன்னார்வலர்